தம்பதிகளின் பண உடன்படிக்கை

விவாகம் நடந்தேறிய பிறகு, ஒரே கூரையின் கீழ் வாழும் புருஷனும் மனைவியும், இன்ன வீடு இன்னாருடையது, இன்ன கடன் இன்னார் பொறுப்பு, நாளை மனம் வேறுபட்டால் இன்னாருக்கு இன்ன பங்கு என்று தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் பத்திரம் நமது தேசத்தில் செல்லுமா? இக்கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவரில் ஒரு சாரார் காதைப் பொத்திக்கொள்கின்றனர். தாலி கட்டிய வீட்டில் தஸ்தாவேஜுக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். மற்றொரு சாரார், மேனாடுகளில் இருக்கிறது, ஆகையால் இங்கும் அப்படியே வந்துவிடவேண்டும் என்கின்றனர். இரு சாராரும் ஆற்றின் இரு கரைகளில் நின்று கூவுகிறார்களேயன்றி, ஆழம் பார்க்க ஒருவரும் இறங்கவில்லை என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். இது தனவந்தர்களுடைய வீட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிடலாகாது. இத்தேசத்தில் சம்பளமின்றி வீட்டு வேலை செய்யும் ஒவ்வொரு ஸ்திரீயின் வயோதிக காலமும் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு வழக்கைக் கூறுவோம். 2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அவர்கள் ஒரு தீர்ப்பு வழங்கினார். அவ்வழக்கில் கண்ட கணவர் 1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பியவர். மனைவியோ இங்கிருந்து குழந்தைகளை வளர்த்து, குடும்பத்தை நிர்வகித்து வந்தார். அப்பணத்தைக் கொண்டு சொத்துக்கள் வாங்கப்பட்டன. கணவர் திரும்பி வந்தபின் வியாஜ்யம் பிறந்தது. சம்பாதித்தவன் நான், ஆகையால் சொத்தும் எனதே என்பது அவருடைய கக்ஷி. வழக்கு கோர்ட்டு கோர்ட்டாக ஏறி ஹைகோர்ட்டில் முடிவதற்குள் வாதியும் காலமாகிவிட்டார். மனைவி வீட்டைக் காத்திராவிட்டால் கணவர் கடல் கடந்து சம்பாதித்திருக்க முடியாது, ஆகவே அவ்வாறு சேர்ந்த சில சொத்துக்களில் அவருக்குச் சரிபாதி உண்டு என்று நீதிபதி தீர்மானித்தார். வீட்டு வேலையின் மதிப்பை இவ்வாறு அங்கீகரிக்கும் சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை என்பதையும், அங்கீகரிக்கலாகாதென்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பதையும் அவர் சேர்த்தே எடுத்துக் காட்டினார்.

தீர்ப்பைப் பாராட்டுகிறோம். ஆயினும் ஒரு வினா எழுகிறது. அக்கணவர் பிரயாணம் புறப்பட்ட 1983-ஆம் வருஷத்திலேயே, 'நீ இங்கே உழைப்பாய், நான் அங்கே உழைப்பேன், சேர்வதில் இருவருக்கும் பாதி' என்று இருவரும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், அக்காகிதத்தைச் சட்டமும் மதித்திருந்தால், இத்தனை கோர்ட்டுப் படிகள் ஏறவேண்டியிருந்திருக்குமா? ஒரு நீதிபதியின் நல்ல மனத்தை நம்பி ஒரு ஜாதி ஸ்திரீகள் முழுவதும் காத்திருப்பது நியாயமாகுமா?

நமது சட்டத்தின் ஸ்திதி இது. ஹிந்து தம்பதிகளுக்குள் விவாக காலத்தில் சேர்ந்த சொத்து என்று ஒரு தனி இனம் கிடையாது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ சொத்து அவருடையது. 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, விவாகத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த வெகுமதிகளைப் பற்றியே பேசுகிறது. முப்பது வருஷம் சமைத்தும், நோயில் காத்தும், மாமனார் மாமியாரைப் பேணியும் வந்தவளுக்கு ஜீவனாம்சம் கேட்கும் உரிமையுண்டு. வீட்டில் பங்கு கேட்கும் உரிமை இல்லை. இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு, விவாகம் ரத்தாகும்போது கணவனுடைய சொத்தில் மனைவிக்குப் பங்கு அளிக்கும் ஷரத்து ஒன்று, 2010-ஆம் வருஷத்து விவாகச் சட்டத் திருத்த மசோதாவை ஒட்டிச் சேர்க்கப்பட்டது. 2013-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ராஜ்யசபை அதை நிறைவேற்றிற்று. லோக்சபையோ அதைத் தீண்டாமலே 2014-ல் கலைந்தது. மசோதாவும் அதனுடன் மாண்டது. சட்டம் பங்கு தராத இடத்தில், தம்பதிகள் தாங்களே பங்கு வகுத்துக்கொள்வதாவது கூடுமா என்பதுதான் இப்போது நம் முன் நிற்கும் கேள்வி.

இது நமது தர்மத்துக்கு அந்நியம் என்பாருக்கு விடை கூறுவோம். கௌடில்யர் தமது அர்த்த சாஸ்திரத்தில் ஸ்திரீதனத்தை ஜீவனத்துக்கான விருத்தி என்றும் ஆபரணம் என்றும் இருவகையாகப் பிரித்து, விருத்திக்கு 2,000 பணம் என்று கணக்கும் வகுத்தார். மனு ஸ்மிருதி எண்ணிய ஆறுவகை ஸ்திரீதனத்தில் அன்பின் அடையாளமாகக் கொடுத்தது என்பதும் ஒன்று. யாக்ஞவல்கியரோ, மூத்தாள் இருக்கையில் வேறொருத்தியை மணப்பவன், மூத்தாளுக்கு முன்னே ஸ்திரீதனம் கொடுத்திராவிட்டால், அந்தப் புது விவாகத்துக்கு ஆகும் செலவுக்குச் சமமான தொகையை அவளுக்குக் கொடுக்கவேண்டும் என்று விதித்தார். ஆதிவேதனிகம் என்பது அதன் பெயர். விவாகமான பிறகு புருஷன் மனைவிக்குச் செலுத்தவேண்டிய பணக் கடமையன்றி இது வேறென்ன? முஸ்லிம் சகோதரர்களிடையே நிக்காஹ் ஓர் ஒப்பந்தமே. நிச்சயித்த மஹரை விவாகத்துக்குப் பிறகும் கணவன் அதிகப்படுத்தலாம். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்தர் 1707-ல் தொகுத்த தேசவழமையில், முதுசம், சீதனம் என்பவற்றோடு, விவாக காலத்தில் சம்பாதித்ததற்குத் 'தேடிய தேட்டம்' என்று தனிப் பெயரே உண்டு. பொருளை எண்ணுவது இல்லறத்துக்கு இழுக்கு என்று நம் முன்னோர் கருதியதற்கு அடையாளமில்லை.

இக்காலத்தவரும் எண்ணாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன் எத்தனை சவரன், எத்தனை பாத்திரம், என்ன வாகனம் என்று ஜாபிதா போட்டுப் பேரம் பேசும் சம்பந்திகளுக்கு, கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரம் காகிதத்தின் மேல் வெறுப்பு வந்துவிடுகிறது! மணமக்களுக்கு வந்த பரிசுகளுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு வைக்கும்படி வரதக்ஷிணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-ஆம் வருஷத்தில் விதிகளே செய்யப்பட்டன. அண்ணன் தம்பிமார் பாகபத்திரம் எழுதிக்கொள்கின்றனர். அதனால் சகோதர வாஞ்சை போய்விடுவதில்லை. எழுதாமல் விட்டவர்களே சிவில் கோர்ட்டு வராந்தாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றனர். பங்காளிகளுக்கு நன்மையானது பத்தினிக்கு மாத்திரம் எங்ஙனம் தீமையாகும்?

இனி, கோர்ட்டுகள் ஏன் தயங்குகின்றன என்று பார்ப்போம். இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. இலங்கையில் நீர்ப்பாசன இலாகாவின் தலைமை உத்தியோகஸ்தராக இருந்த பால்பர் என்பவர், 1915-ல் மனைவியுடன் விடுமுறையில் தாய்நாடு சென்றார். 1916-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அவர் கப்பலேறியபோது, தேக அசௌக்கியத்தால் மனைவி அங்கேயே தங்கும்படியாயிற்று. மாதம் 30 பவுன் அனுப்புவதாக அவர் வாக்களித்தார். பிறகு மனம் மாறினார். மனைவி வழக்குத் தொடுத்தாள். முதல் கோர்ட்டு அவளுக்குச் சாதகமாகத் தீர்த்தது. அப்பீல் கோர்ட்டு 1919-ல் அதை மாற்றிவிட்டது. புருஷன் மனைவியர் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் சட்டத்தால் கட்டுண்ணும் எண்ணத்துடன் செய்யப்படுவனவல்ல, இல்லத்தின் வாயிற்படியைத் தாண்டி அரசனுடைய ஆணை செல்லாது என்பது நீதிபதி அட்கின் கூறிய நியாயத்தின் சாரம். அன்று முதல் நமது சட்டக் கலாசாலைகளில் ஒப்பந்தச் சட்டம் படிக்கப் புகும் ஒவ்வொரு மாணவனுக்கும் இவ்வழக்கே பாலபாடமாயிற்று. கேட்க அழகாயிருக்கிறது அக்கொள்கை. ஆனால் வாயிற்படியில் ஆணை நின்றுவிட்டால், உள்ளே வலியவன் சொல்லே ஆணையாகும் என்பதை அது மறந்துவிட்டது.

நமது நாட்டுச் சட்டத்திலும் ஒரு முடிச்சு உண்டு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி, பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. நெருங்கிய உறவினருக்குள் இயற்கையான அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதி ரிஜிஸ்தர் செய்யப்பட்டதாயின் செல்லும். தம்பதிகளுக்கு இது பொருத்தமான வழியென்றே தோன்றும். ஆனால் நடந்தது யாது? கல்கத்தா ஹைகோர்ட்டில் 1900-ஆம் வருஷத்தில் முடிவான வழக்கு ஒன்றில், மனைவியுடன் ஓயாது சச்சரவிட்ட ஒரு கணவர், அவள் தனித்து வசிக்கவும் ஜீவிக்கவும் பணம் கொடுப்பதாக எழுதி ரிஜிஸ்தரும் செய்து கொடுத்தார். பத்திரத்தின் முகப்பிலேயே சச்சரவுகள் விவரிக்கப்பட்டிருந்தன. அன்பு இருந்ததற்கு அறிகுறியே காணோம், ஆகையால் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. விந்தையைப் பாருங்கள்! அன்பு இருக்கும்போது ஒருவரும் எழுதுவதில்லை. எழுதும்போது அன்பில்லை என்று சட்டம் கையை விரிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிராதரவாக நிற்பவள் மனைவி.

வருமான வரிச் சட்டமும் இதே கூத்தை ஆடிற்று. 1961-ஆம் வருஷத்து அச்சட்டத்தின் 64-ஆவது பிரிவு, கணவன் போதிய பிரதிபலன் பெறாமல் மனைவிக்குக் கொடுத்த சொத்திலிருந்து வரும் வருமானத்தைக் கணவன் கணக்கிலேயே சேர்த்தது. பிரிந்து வாழ்வதென்ற உடன்படிக்கையின் பேரில் கொடுத்ததானால் மாத்திரம் விதிவிலக்கு. பிரிவதற்கு எழுதிய பத்திரம் சர்க்கார் கண்ணுக்குத் தெரிந்தது. சேர்ந்து வாழ்வதற்கு எழுதியது தெரியவில்லை. வரி ஏய்ப்பைத் தடுப்பதே நோக்கம் என்பதை அறிவோம். ஆயினும் மனைவிக்குக் கொடுத்ததும் தன்னிடம் வைத்துக்கொண்டதும் ஒன்றே என்னும் மனப்பான்மை அதில் ஒளிந்திருந்ததை மறுக்க முடியாது.

நிற்க. பால்பர் வழக்கைப் பெற்றெடுத்த இங்கிலாந்தே அதைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கைவிட்டுவிட்டது. 1970-ல் மெரிட் வழக்கில், பிரிந்து போன கணவன் ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுத்த வாக்கு அவனைக் கட்டும் என்று அப்பீல் கோர்ட்டு கூறிற்று. வீட்டுக் கடனை மனைவி கட்டி முடித்தால் வீட்டை அவள் பெயருக்கு மாற்றித் தருவதாக அதில் கண்டிருந்தது. 2008-ல், மான் தீவிலிருந்து வந்த மக்லௌட் அப்பீலில், விவாகத்துக்குப் பின் செய்த பண உடன்படிக்கை செல்லும், தகுந்த காரணமிருந்தால் கோர்ட்டு அதை மாற்றலாம் என்று பிரிவி கவுன்ஸில் தீர்மானித்தது. 2010-ல் இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளில் எண்மர், இரு தரப்பினரும் சுயேச்சையாகவும் விளைவு முழுவதையும் உணர்ந்தும் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு, அதை நிறைவேற்றுவது அநீதியாகாத பக்ஷத்தில், மதிப்புக் கொடுக்கவேண்டும் என்றனர். மாறுபட்ட ஒருவர் சீமாட்டி ஹேல். அந்தப் பெரிய பீடத்தில் இருந்த ஒரே ஸ்திரீயும் அவரே. எளிய தரப்பினருக்கு இத்தகைய உடன்படிக்கைகளால் வரக்கூடிய தீங்கைக் குறித்து அவர் கவலைப்பட்டார். அக்கவலையை நாம் அற்பமாக எண்ணவில்லை. அதற்குப் பிறகு வருவோம். ஆங்கிலேயன் கழற்றி எறிந்த பழைய அங்கியை நாம் மாத்திரம் பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருப்பது சுயராஜ்யம் பெற்ற ஜனங்களுக்கு அழகா என்று மாத்திரம் இங்கே கேட்கிறோம்.

பிற தேசங்களின் போக்கும் கவனிக்கத் தக்கது. 1804-ஆம் வருஷத்து நெப்போலியன் சட்டம், விவாகத்துக்கு முன் வகுத்த சொத்து முறையைப் பின்னர் மாற்றவே கூடாது என்று பூட்டிவைத்தது. 1965-ல் பிரெஞ்சுக்காரர் அப்பூட்டைத் திறந்து, இரண்டு வருஷம் கழிந்தபின் நீதிபதியின் அனுமதியுடன் மாற்றலாம் என்றனர். 2019-ல் அந்த இரண்டு வருஷத் தவணையையும் எடுத்துவிட்டனர். நமது கோவாவிலோ, 1867-ஆம் வருஷத்துப் போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் வழியில், வேறு ஏற்பாடு செய்துகொள்ளாத தம்பதிகளுக்குச் சொத்து பொதுவாகிறது. வேறு ஏற்பாடு வேண்டுமானால் விவாகத்துக்கு முன்பே எழுதவேண்டும், பின்னர் மாற்ற இயலாது. கோவா மனைவிக்குப் பிறப்புரிமை போல் பாதி கிடைப்பதால், பிற்கால உடன்படிக்கை இல்லாதது அங்கே பெருங் குறையாகாது. பாதியும் இல்லாமல், உடன்படிக்கையும் இல்லாமல் நிற்பவள் தமிழ்நாட்டு மனைவியே.

இதனால், நாளைக்கே எல்லா உடன்படிக்கைகளும் செல்லும் என்று ஒரு வரியில் சட்டம் செய்துவிடலாமா? கூடாது. இங்கேதான் மேனாட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர நினைக்கும் நண்பர்களிடமிருந்து நாம் விலகுகிறோம்.

2013-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கைத் தீர்த்தது. ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டுக்கு வந்த ஒரு மனைவி, ராஜியில் 8,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, இனி எக்காலத்தும் ஒன்றும் கேட்பதில்லை என்று ஒப்பியிருந்தாள். பின்னர் அவள் 1956-ஆம் வருஷத்து ஹிந்து சுவீகார ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ் மீண்டும் வழக்கிட்டாள். ராஜிதான் முடிந்துவிட்டதே என்றார் கணவர். வருங்கால ஜீவனாம்சத்தைத் துறக்கும் ஒப்பந்தம் பொது நன்மைக்கு விரோதமானது, ஆகையால் அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நியாயாதிபதியின் முன்னிலையிலேயே ஓர் ஆயுளின் உரிமையை எண்ணாயிரம் ரூபாய்க்கு விடுவித்துவிடக் கூடிய நிலையில் நம் ஸ்திரீகள் இருக்கிறார்கள் என்றால், வீட்டுக் கூடத்தில், மாமனார் மாமியார் சுற்றி அமர்ந்திருக்க, 'இதில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் பிறந்தகம் போ' என்று நீட்டும் காகிதத்தின் கதி என்னவாகும்? விவாகத்துக்கு முன் பேரம் பிடிக்காவிடில் எழுந்து போய்விடலாம். குழந்தைகளைப் பெற்று, வேலையை விட்டு, வேறு புகலின்றி இருப்பவள் எங்கே எழுந்து போவாள்? சீமாட்டி ஹேலின் கவலை இங்கே நூறு மடங்கு பொருந்தும்.

ஆகவே நமது தீர்மானமான கொள்கை இது. உடன்படிக்கைகளில் கொடுக்கும் உடன்படிக்கை ஒன்று, பறிக்கும் உடன்படிக்கை ஒன்று. பட்டாவோ பணமோ தன் வசம் உடையவர், அது இல்லாதவருக்குப் பங்கு தருவது கொடுக்கும் உடன்படிக்கை. சட்டம் ஏற்கெனவே தந்த உரிமையை எளியவர் விட்டுக்கொடுப்பதாக எழுதுவது பறிக்கும் உடன்படிக்கை. முன்னதைச் சட்டம் இரு கைகளாலும் தாங்கவேண்டும். பின்னதைச் சந்தேகக் கண்ணுடன் பார்க்கவேண்டும். இன்று நடப்பதோ தலைகீழ். மாதம் முப்பது பவுன் தருகிறேன் என்ற வாக்குச் செல்லாமற் போயிற்று; உரிமையைத் துறந்தேன் என்ற கையெழுத்தையோ கோர்ட்டுக்கு நடையாக நடந்து உடைக்கவேண்டியிருக்கிறது.

ஒரே பத்திரத்தில் இரண்டும் கலந்திருந்தால் என்ன செய்வது என்று சட்டம் அறிந்த நண்பர் கேட்கலாம். வீட்டைக் கொடுத்து ஜீவனாம்சத்தைத் துறக்கச் சொல்லும் பத்திரங்கள் வரத்தான் வரும். அப்போது, அப்பத்திரத்தை ஆதாரமாகக் கொள்பவரே அது நியாயமென்று ரூபிக்கக் கடவர். இந்நியாயம் நமக்குப் புதிதன்று. கோஷா ஸ்திரீகள் எழுதிக் கொடுத்த பத்திரங்களில், அவர்கள் விஷயத்தை உணர்ந்து கையொப்பமிட்டார்கள் என்று நிரூபிக்கும் பாரத்தைப் பத்திரத்தைக் கொண்டு வந்தவர் தலைமேல் பிரிவி கவுன்ஸிலே சுமத்தியது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து உச்ச நீதிமன்றமும் 2010-ல், விவாகத்துக்குப் பிந்திய உடன்படிக்கைகளை முந்தியவற்றைவிடக் கூர்ந்து பரிசோதிக்கவேண்டும் என்றும், நிரூபணப் பாரம் அதை வற்புறுத்துபவருடையதே என்றும், எழுதிய காலத்திலும் பிரியும் காலத்திலும் அது நியாயமாக இருக்கவேண்டும் என்றும் வகுத்தது. இவ்விதி ஆண் பெண் என்று பேதம் பாராட்டவில்லை என்பதையும் கவனிக்க. சம்பாதிப்பவள் மனைவியாகவும் எளியவன் கணவனாகவும் இருந்தால் அவனுக்கும் அதே பாதுகாப்பு.

வேண்டிய சட்டத்தின் அம்சங்களைச் சுருங்கச் சொல்வோம். உடன்படிக்கை எழுத்து மூலமாயிருந்து, சப்-ரிஜிஸ்திரார் முன்னிலையில் இருவரும் நேரில் வந்து ரிஜிஸ்தர் செய்யப்படவேண்டும். இருவரும் தத்தம் சொத்தையும் கடனையும் ஒளிக்காமல் ஜாபிதாவாக அதில் சேர்க்கவேண்டும். இருவருக்கும் வெவ்வேறு வக்கீல் ஆலோசனை சொல்லவேண்டும். செலவு செய்ய இயலாதவருக்கு இலவச சட்ட உதவிக் குழு வக்கீலைத் தரவேண்டும். வரைவைக் கொடுத்த நாளுக்கும் கையொப்பமிடும் நாளுக்கும் இடையே போதிய அவகாசம் இருக்கவேண்டும். குழந்தைகளின் பராமரிப்பு, ஜீவனாம்சம், ஸ்திரீதனம், 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தந்த குடியிருக்கும் உரிமை ஆகிய நான்கையும் எவ்வுடன்படிக்கையும் தொடக்கூடாது. கடன்காரரை ஏய்க்க மனைவி பெயருக்கு மாற்றும் தந்திரத்துக்கு இதில் இடமில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு அதைப் பார்த்துக்கொள்ளும். அன்பு இருந்ததா என்று நீதிபதி ஆராய வேண்டியதில்லை. ஒருவர் வெளியே உழைத்ததும் மற்றவர் வீட்டில் உழைத்ததுமே போதிய பிரதிபலன் என்று சட்டமே கூறிவிடவேண்டும். இந்தக் கடைசி வாக்கியம் ஒன்று ஏறினால் 25-ஆவது பிரிவின் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இதை யார் செய்வது? டில்லியை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. விவாகமும் ஒப்பந்தமும் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருப்பவை. ராஷ்டிரபதியின் சம்மதத்தைப் பெற்று மாகாண சட்டசபையும் சட்டம் செய்யலாம். புரோகிதரில்லாத சுயமரியாதை விவாகம் செல்லும் என்று 1967-ல் சென்னைச் சட்டசபை சட்டம் இயற்றிற்று. குமாரத்திகளுக்கும் பூர்விக சொத்தில் குமாரர்களோடு சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் செய்தது. பார்லிமெண்டு அதைத் தேசம் முழுவதற்கும் செய்ய 2005 வரை ஆயிற்று. மகளுக்கு வழிகாட்டிய சட்டசபை மனைவிக்கும் வழிகாட்டட்டும்.

சட்டம் வரும் வரையில் செய்யக் கூடியது ஒன்றுமில்லை என்று ஒருவரும் சாக்குச் சொல்லவேண்டாம். பறிக்கும் பத்திரத்துக்குச் சட்டம் வேண்டும். கொடுக்கும் பத்திரத்துக்கு இன்றைய சட்டமே போதும். கணவன் மனைவிக்கு எழுதும் செட்டில்மெண்டு பத்திரம், இரண்டு சாக்ஷிகளுடன் ரிஜிஸ்தர் ஆனால், அக்ஷணமே பூர்த்தியாகிறது. பின்னர் அன்பு குறைந்தது என்று அதை ஒருவரும் அசைக்க முடியாது. 2023-ஆம் வருஷம் ஜூலை மாதம் தமிழ்நாட்டில் திருத்திய விகிதப்படி, குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் நூற்றுக்கு 1, உச்ச வரம்பு 40,000 ரூபாய். ரிஜிஸ்திரேஷன் கட்டணமும் நூற்றுக்கு 1, வரம்பு 10,000 ரூபாய். இனி வாங்கும் மனையை இருவர் பெயரிலும் வாங்குவதற்கு எவர் உத்தரவும் வேண்டியதில்லை. 1874-ஆம் வருஷத்து விவாகமான ஸ்திரீகள் சொத்துச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின் கீழ் மனைவியின் நன்மைக்கென்று கணவன் எடுக்கும் ஆயுள் இன்ஷூரன்ஸ், அவள் நன்மைக்கான தர்மகர்த்துவச் சொத்தாகிறது. கணவனுடைய கடன்காரர் அதைத் தொட இயலாது. சென்னையில் முதலில் தீர்ப்பினாலும் பின்னர் 1923-ஆம் வருஷத்துத் திருத்தத்தினாலும் ஹிந்துக்களுக்கும் ஏற்பட்ட இவ்வசதியை எத்தனை பேர் உபயோகிக்கின்றனர்?

நமது நேயர்களில் பெரும்பாலோர் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள். மேடைகளில் ஸ்திரீகளின் சமத்துவத்தைக் குறித்துப் பேசுகிறவர்கள். அவர்கள் சிறை சென்ற காலத்தும், தேர்தலுக்கென்று ஊர் ஊராகத் திரிந்த காலத்தும், வீட்டில் அடுப்பு அணையாமல் காத்தவள் யார் என்பதை அவர்களே அறிவார்கள். ஆணும் பெண்ணும் சமம் என்னும் தீர்மானத்தை ஆதரித்துக் கை தூக்கிய தேசாபிமானி, அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தம் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கட்டும். அதில் ஒரு பெயர்தான் இருக்கிறதா, இரண்டு பெயர்கள் இருக்கின்றனவா? ஒன்றேயானால், மறுநாட் காலையில் சப்-ரிஜிஸ்திரார் கச்சேரி திறந்திருக்கும். சட்டசபைக்கு மகஜர் அனுப்புவதும் அவசியமே. ஆயினும் மகஜரில் முதற் கையொப்பமிடும் தகுதி, அந்தக் கச்சேரிக்கு முன்னே போய் வந்தவருக்கே உண்டு.